கண்ணுக்கு மருந்து விடும்போது நாம் விடும் பிழைகள்

கோப்பாயில் சித்தப்பாவுக்கு வெங்காயத் தோட்டம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வேலி அடைத்துக்கொண்டிருந்தபோது பனையோலை நுனி ஒன்று வலக்கண்ணில் கீறிவிட்டது. கண் சிவந்து நீர் வடிந்தது. சித்திக்குக் கண்புரை ஒப்பரேஷன் செய்தபோது தந்த சொட்டு மருந்தில் கொஞ்சம் மிஞ்சி, பிரிட்ஜ் கதவில் கிடந்தது. கண் மருந்துதானே என்று அதை எடுத்து விட்டார். இரண்டாம் நாளே சிவப்பு இறங்கிவிட்டது. “இப்ப நல்ல சுகம், நீ ஒண்டுக்கும் யோசிக்காதை” என்று தொலைபேசியில் எனக்குச் சொன்னார். ஒரு கிழமை கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பங்கசுத் தொற்று, அதாவது பூஞ்சணத் தொற்று. மாதக்கணக்கில் வைத்தியம் செய்தும் தழும்பு போகவில்லை. அந்தக் கண்ணால் இன்று ஆட்களின் முகம் அவருக்குக் கலங்கலாகத்தான் தெரிகிறது.

அந்தச் சின்னப் போத்தலுக்குள் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று அன்ரிபயோற்றிக், அதாவது பக்டீரியாவைக் கொல்லும் மருந்து. மற்றது ஸ்ரெரொயிட். ஸ்ரெரொயிட் எந்தக் கிருமியையும் கொல்லாது. அழற்சியைத்தான் அடக்கும். சிவப்பும் வீக்கமும் நோவும் அதனால் சீக்கிரம் குறையும். ஆனால் கிருமியோடு கண் நடத்தும் சண்டையும் அதோடு சேர்ந்து அடங்கிவிடும். ஓலை, நெற்தாள், மண் போன்றவை கீறிய புண்ணில் பங்கசு இறங்கக்கூடும். அதை அன்ரிபயோற்றிக் தொடாது. எதிர்ப்பு இல்லாத கண்ணில் பங்கசு வளர்ந்துகொண்டே போகும், வெளியிலோ சிவப்பு குறைந்து சுகம்போலத் தெரியும். உதட்டோரம் கொப்புளம் போடும் ஹேர்ப்பிஸ் வைரசு கருவிழியில் வந்தாலும் இதே கதைதான். வைத்தியர் விளக்கைப் பிடித்து, பச்சையாக ஒளிரும் சாயம் விட்டுப் பார்த்துத்தான் அதைப் பிரித்தறிவார். வீட்டில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பு.

ஆகவே மற்றவருக்கு எழுதிய மருந்தை, அல்லது போன முறை உங்களுக்கே எழுதிய மருந்தை, புதிதாகச் சிவந்த கண்ணுக்கு விடாதீர்கள். எனக்குத் தெரிந்து நம் வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

போத்தலில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர், அதை விடுங்கள். கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். டெக்ஸாமெதசோன், பீற்றாமெதசோன், பிரெட்னிசொலோன், புளோரோமெதொலோன் என்று ‘சோன்’ அல்லது ‘லோன்’ என முடிந்தால் பெரும்பாலும் அது ஸ்ரெரொயிட். ரொப்ராமைசின், நியோமைசின், குளோராம்பெனிக்கோல் போன்றவை அன்ரிபயோற்றிக். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இன்றும் நாம் மருந்துப் போத்தலை இங்கிலீசில்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறோம். அது எனக்கு மனவருத்தம். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் பாமசிக்காரரிடம் “இதுக்குள்ள ஸ்ரெரொயிட் இருக்கோ?” என்று நேரே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அடுத்தது, வைத்தியர் தந்த ஒரே மருந்துத் துண்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்குவது. சோளகக் காற்றில் புழுதி கிளம்பும் மாதங்களில் பிள்ளைகளுக்குக் கண் கடிக்கும், கசக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு தடவை எழுதித் தந்த மருந்து விட்டவுடன் கடி நிற்கும். பிறகு கடிக்கும் போதெல்லாம் தாய் அதையே வாங்கி விடுவார். அவர் கேட்டது பிள்ளையின் சுகத்தை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்ரெரொயிட் சொட்டைத் தொடர்ந்து விட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. சிலருக்குக் கொஞ்சம் ஏறும், சிலருக்கு மிக அதிகமாக. பெரும்பாலும் இரண்டு கிழமை தாண்டித்தான் ஏறத் தொடங்கும். நோகாது, சிவக்காது, பார்வை ஓரங்களில் இருந்து மெல்லக் குறுகும். குளுக்கோமா இப்படித்தான் வரும். அதில் போன பார்வையைத் திருப்பித் தர எந்த மருந்தும் இல்லை. நெடுநாள் விட்டால் கண்புரையும் வரும், பிள்ளைகளுக்கும் வரும். குடும்பத்தில் யாருக்காவது குளுக்கோமா இருந்தால், அல்லது உங்களுக்குச் சீனி வருத்தம் இருந்தால், மருந்து எழுதும்போதே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்ரெரொயிட்டைக் கிழமைக்கணக்கில் விடச் சொன்னால், கண் அழுத்தத்தை எப்போது அளப்பீர்கள் என்று கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஒப்பரேஷன் முடிந்து பத்தாம் நாள் கண் தெளிவாகத் தெரிகிறது, இனி எதற்கு என்று சிலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஸ்ரெரொயிட்டை நாளுக்கு இத்தனை தடவை என்று தொடங்கி, கிழமைக்குக் கிழமை குறைத்துக்கொண்டு போவது வழக்கம். சடாரென்று விட்டால் அடங்கிய அழற்சி திரும்பவும் கிளம்பும். எழுதியபடி விடுங்கள், எழுதிய நாளில் நிறுத்துங்கள்.

ஊரெல்லாம் கண் நோய் பரவும் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் வைரசால் வருவது, அன்ரிபயோற்றிக்குக்குக் கட்டுப்படாது. தானாகவே ஒன்றிரண்டு கிழமையில் மாறும். துவாயும் தலையணை உறையும் புறம்பாக வைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் வீட்டில் மற்றவருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். ஒரே போத்தலை நான்கு பேருக்கு விடுவதுதான் நோயைப் பரப்பும் வேலை.

சரி, விடும் முறை. கையைக் கழுவி, போத்தலைக் குலுக்கி, கீழிமையை மெல்ல இழுத்து, ஒரு துளி. ஒன்றே போதும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். போத்தல் நுனி இமையிலோ மயிரிலோ படக்கூடாது, பட்டால் கிருமி உள்ளே போய்விடும். கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கும், விட்ட கொஞ்ச நேரத்தில் வாய் கைப்பது அதனால்தான். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள், பூசும் மருந்து கடைசியில். கண்ணில் போட்டுக் கழற்றும் கொன்ராக்ட் லென்ஸ் பாவிப்பவர்கள் தொற்று மாறும் வரை அதைப் போடவே வேண்டாம்.

விட்ட பிறகு இமை வீங்கிக் கடி கூடினால், நோய் கூடிவிட்டது என்று நினைத்து மேலும் மேலும் விடாதீர்கள். மருந்து, குறிப்பாக நியோமைசின், ஒத்துவராததாலும் அப்படி வரும். நிறுத்திவிட்டு, உடனே வைத்தியரைக் கேளுங்கள்.

போத்தலைத் திறந்த அன்றே திகதியை எழுதி ஒட்டுங்கள். பொதுவாக நான்கு கிழமைக்குப் பிறகு, பாதி மிச்சம் இருந்தாலும், எறிந்துவிட வேண்டியதுதான். பெட்டியில் போட்ட திகதி திறக்காத போத்தலுக்கு மட்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் ஸ்கூட்டர் சீற்றுக்குள் மருந்தை வைத்துவிட்டு வேலைக்குப் போகக்கூடாது. குளோராம்பெனிக்கோல் சொட்டை பிரிட்ஜில் வைப்பார்கள். எல்லா மருந்துக்கும் அப்படியில்லை, லேபிளில் சொன்னபடி வையுங்கள்.

கண் நொந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளை தெரிந்தால், ஓலையோ கல்லோ பட்டிருந்தால், எந்தச் சொட்டும் விடாமல் அன்றே காட்டுங்கள். சுண்ணாம்பு பட்டால் முதலில் இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்தால் திங்கட்கிழமை கிளினிக் வரை பொறுத்திருக்க வேண்டாம், யாழ் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். ஏற்கெனவே வீட்டில் ஏதாவது விட்டிருந்தால், அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.