எக்ஸ்பிஆர்எல் பழக ஒரே ஒரு எண் போதும்

பிடிஎஃப்பில் இருக்கும் நிதிநிலை அறிக்கையை நாம் படித்துப் புரிந்துகொள்வோம். கம்ப்யூட்டருக்கு அதில் இருக்கும் 4,520 கையிருப்பா கடனா என்று தெரியாது. அந்த எண்ணோடு அதன் பொருளையும் டேக்காக, அதாவது அடையாளச் சீட்டாக, ஒட்டி அனுப்பும் முறைதான் எக்ஸ்பிஆர்எல். 1998-ல் சார்ல்ஸ் ஹாஃப்மன் என்ற அமெரிக்கக் கணக்காளர் எக்ஸ்எம்எல் என்ற டேக் மொழியை வைத்துத் தொடங்கிய முயற்சி இது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசி 2009-ல் பெரிய நிறுவனங்களில் ஆரம்பித்துப் படிப்படியாக இதைக் கட்டாயமாக்கியது. இப்போது பல இடங்களில் கேட்பது இன்லைன் எக்ஸ்பிஆர்எல். பிரவுசரில் திறந்தால் வழக்கமான அறிக்கை தெரியும், டேக்குகள் உள்ளே இருக்கும்.

பழகும்போது முழு அறிக்கையையும் எடுத்துவைத்துத் திணற வேண்டாம். பேலன்ஸ் ஷீட்டில் 'ரொக்கமும் ரொக்கத்துக்கு நிகரானவையும்: 4,520' என்று ஒரு வரி, மேலே 'ஆயிரம் டாலரில்' என்று ஒரு குறிப்பு. இதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: யாருடையது, எப்போதையது?

இந்த விவரத்துக்கு கான்டெக்ஸ்ட் என்று பெயர். நிறுவனத்தின் அடையாள எண்ணும் காலமும் இதில் வரும். பேலன்ஸ் ஷீட் எண் ஒரு குறிப்பிட்ட நாளின் நிலவரம், அதனால் 31-12-2024 என்ற ஒற்றைத் தேதி போதும். லாப நட்டக் கணக்கில் வரும் எண்ணுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் வேண்டும். பணப்புழக்க அறிக்கையின் 'ஆண்டுத் தொடக்க இருப்பு' பலரைக் குழப்பும். அதற்குத் தனி டேக் தேட வேண்டாம். அதே டேக், தேதி மட்டும் முந்தைய ஆண்டின் கடைசி நாளான 31-12-2023.

படி 2: அலகும் அளவும்

அலகு டாலர் என்றால் யுஎஸ்டி என்ற மூன்றெழுத்துக் குறியீடு. இன்லைன் முறையில் ஸ்கேல் 3 (மூன்று பூஜ்ஜியம் சேர்) என்று கொடுத்தால் 4,520 என்பது 45,20,000 ஆகிவிடும். டெசிமல்ஸ் என்பது வேறு விஷயம்: எண் எந்த அளவுக்குத் துல்லியம் என்பதை அது சொல்கிறது. ஆயிரத்துக்கு முழுமையாக்கிய எண் என்றால் -3. ஸ்கேலை மறந்தால் நிறுவனத்தின் ரொக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும், ஆனால் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும்!

படி 3: சரியான டேக்கைத் தேர்ந்தெடுப்பது

என்னைக் கேட்டால் நேரத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் செலவாக வேண்டும். டேக்குகளின் அதிகாரபூர்வ அகராதிக்கு டேக்ஸானமி என்று பெயர். ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கியல் முறைக்கு ஒன்று, அமெரிக்கக் கணக்கியல் முறைக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. எது உங்களுக்கு, எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை அறிக்கையைப் பெறும் ஒழுங்குமுறை அமைப்பே சொல்லிவிடும்.

அகராதியில் தேடினால் ரொக்கம் என்ற சொல்லோடு பல டேக்குகள் வரும். பெயர் பொருந்துகிறதே என்று முதலில் கிடைப்பதை எடுக்காதீர்கள். வரையறையைப் படியுங்கள். ஐஎஃப்ஆர்எஸ்ஸில் ரொக்கம் மட்டும் ஒரு டேக், ரொக்கமும் நிகரானவையும் சேர்ந்து இன்னொன்று. பணப்புழக்க அறிக்கையின் தொகை பேலன்ஸ் ஷீட்டிலிருந்து வேறுபட்டால் அதற்கும் தனி டேக் இருக்கிறது. வரையறை ஒத்துவந்த பிறகு, அது ஒரு தேதிக்கானதா காலத்துக்கானதா, டெபிட்டா கிரெடிட்டா என்று பாருங்கள்.

எதுவுமே பொருந்தாவிட்டால் சொந்த டேக் உருவாக்கப் பல அமைப்புகள் அனுமதிக்கின்றன. அது கடைசி வழியாகவே இருக்கட்டும். ஆளுக்கொரு டேக் போட்டால் நிறுவனங்களை ஒப்பிடவே முடியாது, அப்புறம் இவ்வளவு பாடு எதற்கு?

படி 4: அடைப்புக்குறி ஆபத்து

அச்சில் வட்டிச் செலவை (300) என்று அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். அதைப் பார்த்து மைனஸ் போட்டுவிடக் கூடாது. நிதிச் செலவு என்ற டேக்கே டெபிட் வகை. செலவு நடந்திருந்தால் மதிப்பு பிளஸ் 300. லாப நட்டம் என்ற டேக்குக்கு அப்படியல்ல. அது கிரெடிட் வகை, நட்டம் 300 என்றால் அங்கே மைனஸ் கட்டாயம். அடைப்புக்குறி ஒன்றுதான், விதி இரண்டு. டேக்கின் வரையறையை வைத்தே முடிவெடுங்கள்.

படி 5: சரிபார்ப்பு

அரெல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இலவசம், அதில் கோப்பைத் திறந்து வேலிடேட் கொடுங்கள். கான்டெக்ஸ்ட் விடுபட்டது, தேதி வகை பொருந்தாதது, கூட்டுத்தொகைச் சோதனையையும் இயக்கியிருந்தால் கூட்டுத்தொகை இடிப்பது எல்லாம் பட்டியலாக வரும். டேக்ஸானமியைத் தரவிறக்க முதல் முறை கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிழை ஒன்றும் இல்லை என்று வந்தாலும் உடனே அனுப்பிவிட வேண்டாம். தவறான டேக்கைச் சரியான இலக்கணத்தோடு போட்டிருந்தால் மென்பொருளால் கண்டுபிடிக்க முடியாது. டேக், தேதி, முழு மதிப்பு மூன்றையும் ஒரு பட்டியலாக எடுத்து, அந்தக் கணக்கை எழுதியவரிடம் கொடுத்து, அச்சு அறிக்கையோடு வரிவரியாக ஒப்பிடச் சொல்லுங்கள்.