பங்குப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி? கோவில் அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள்

பங்குப் பள்ளியில், அதாவது ஒரு பங்கோடு (பங்குத்தந்தை என்னும் குருவின் பொறுப்பில் இருக்கும் உள்ளூர்க் கத்தோலிக்கச் சமூகம்) சேர்ந்த பள்ளியில், இடம் தேடும் பெற்றோர் பலரும் நேரே பள்ளி அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வருகிறார்கள். நிரப்ப உட்காரும்போதுதான் 'திருமுழுக்குச் சான்றிதழ்', 'பங்குத்தந்தையின் கடிதம்' என்ற இரண்டு வரிகள் கண்ணில் படுகின்றன. இரண்டுமே பள்ளியில் கிடைப்பவை அல்ல. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கையில், பிள்ளைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்த கோவிலுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் இந்த விளக்கம் கோவிலில் தொடங்குகிறது. பள்ளி ஆண்டு தொடங்க ஒரு வருடம் இருக்கும்போதே முதல் மூன்று படிகளை முடித்துவிடுங்கள்.

படி 1: அது பங்குப் பள்ளிதானா என்று பாருங்கள்

கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லாம் பங்குப் பள்ளிகள் அல்ல. இயேசு சபை, சலேசியர் போன்ற துறவற சபைகள் நடத்தும் பள்ளிகள் உண்டு. மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் பல பங்குகள் அடங்கிய பகுதி) நேரடியாக நடத்துபவையும் உண்டு. பங்குப் பள்ளி என்பது ஒரு குறிப்பிட்ட பங்கோடு சேர்ந்தது. அங்கே பங்குத்தந்தையின் கடிதத்துக்கு இருக்கும் எடை மற்ற இடங்களில் அதே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

வாசலில் ஒரு புனிதரின் பெயர் இருப்பது மட்டும் போதாது. உரிய திருச்சபை அதிகாரியின் இசைவு இல்லாமல் எந்தப் பள்ளியும் 'கத்தோலிக்கப் பள்ளி' என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (சட்டம் 803). சந்தேகம் இருந்தால் மறைமாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 2: குடும்பத்தைப் பங்கில் பதியுங்கள்

பங்கு என்பது பொதுவாக எல்லை வகுத்த ஒரு பகுதி (சட்டம் 518). அந்த எல்லைக்குள் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடிவந்தாலோ, 5 ஆண்டுகள் முழுதாக வாழ்ந்துவிட்டாலோ அது உங்கள் நிலையான குடியிருப்பு. 3 மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்தவர்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பு என்ற நிலை உண்டு (சட்டம் 102). ஆக, சட்டப்படி நீங்கள் ஏற்கெனவே அந்தப் பங்கின் மக்கள்தான். ஆனால் பங்கு அலுவலகத்தின் குடும்பப் பதிவில் உங்கள் பெயர் இல்லையென்றால், கடிதம் கேட்கும் நாளில் நீங்கள் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது.

வீடு மாறியவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். குடும்பம் பழைய பங்கின் பதிவிலேயே இருக்கும். ஞாயிறு பூசைக்கு வசதியான மூன்றாவது கோவிலுக்குப் போவார்கள். பள்ளியோ குடியிருக்கும் பங்கினுடையது. இப்படி இருந்தால் முதலில் குடியிருக்கும் பங்கில் பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்று, பெற்றோரின் திருமண விவரம், பிள்ளைகள் ஒவ்வொருவரின் திருமுழுக்குத் தேதியும் இடமும் கேட்பார்கள். பதிவு முடிந்த பிறகு பூசைக்கும் அங்கேயே போகத் தொடங்குங்கள். கடிதம் எழுதும் பங்குத்தந்தை உங்கள் குடும்பத்தின் முகத்தை அறிந்திருப்பது, எந்தப் படிவத்தையும்விட உதவும். அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழு) நடக்கும் பங்கு என்றால் அதற்கும் போங்கள்.

கடிதம் கேட்கப் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், குடும்பப் பதிவு எண், பள்ளியின் பெயர், வகுப்பு, கடிதம் வேண்டிய தேதி. வாயால் சொன்னால் பெயரில் ஓர் எழுத்தாவது மாறிவிடும். ஞாயிறு பூசை முடிந்த கூட்டத்தில் கேட்காதீர்கள். புனித வாரத்திலும் கிறிஸ்மஸை ஒட்டிய நாள்களிலும் அலுவலகத்துக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இரண்டு வாரமாவது இடைவெளி கொடுங்கள்.

படி 3: திருமுழுக்குச் சான்றிதழ்

அதிகம் சிக்கல் வருவது இந்தத் தாளில்தான்.

திருமுழுக்கு எந்தப் பங்கில் கொடுக்கப்பட்டதோ அந்தப் பங்கின் பதிவேட்டில்தான் பெயர் இருக்கும். நீங்கள் இப்போது இருக்கும் பங்கு அந்தச் சான்றிதழைத் தர முடியாது. ஆபத்தான நிலையில் மருத்துவமனையிலேயே திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் சொந்தப் பங்கில் தேடி ஏமாறுவார்கள். அதைக் கொடுத்தவர், திருமுழுக்கு நடந்த இடம் எந்தப் பங்கைச் சேர்ந்ததோ அந்தப் பங்குத்தந்தைக்கே தெரிவிக்க வேண்டும் (சட்டம் 878). ஆகவே மருத்துவமனை இருக்கும் பங்கில் கேளுங்கள்.

பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய சான்றிதழ் போதுமா? முதல் வகுப்புச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் புதிதாக எடுத்த பிரதியைக் கேட்கும் பள்ளிகளும் உண்டு. காரணம் இருக்கிறது: உறுதிப்பூசுதல் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் சடங்கு) போன்ற பின்னாளைய நிகழ்வுகள் திருமுழுக்குப் பதிவேட்டின் அதே பதிவில் குறிப்பாகச் சேர்க்கப்படுகின்றன (சட்டம் 535). புதிய பிரதியில்தான் அந்தக் குறிப்புகள் இருக்கும். பெரிய வகுப்புக்குப் பிள்ளையை மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் கேட்கும் குறிப்புகளில் புதுநன்மை (முதல் முறை நற்கருணை வாங்குவது) இல்லை. ஆகவே அது திருமுழுக்குச் சான்றிதழில் இருக்கும் என்று நம்பியிருக்காமல், புதுநன்மை வாங்கிய பங்கில் தனிச் சான்று கேட்டு வாங்குங்கள்.

சீரோ மலபார் போன்ற, தனி வழிபாட்டு மரபுள்ள கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைப் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்கோடு உறுதிப்பூசுதலும் தரப்பட்டிருக்கலாம். அதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். உறுதிப்பூசுதல் ஒரே ஒரு முறை பெறும் அருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு). பல வருடம் கழித்து வகுப்போடு சேர்த்து இந்தப் பிள்ளையின் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டால் கடைசி நேரத்தில் குழப்பம் வரும்.

பதிவேடு தொலைந்துவிட்டது, கோவிலே மூடப்பட்டுவிட்டது என்றால் முதலில் அந்த மறைமாவட்ட ஆயரக அலுவலகத்துக்கு எழுதுங்கள். எங்குமே பதிவு கிடைக்காவிட்டாலும் வழி அடைபடவில்லை. யாருக்கும் பாதகம் இல்லாத நிலையில், நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் திருமுழுக்கை நிரூபிக்கப் போதும் என்கிறது சட்டம் 876. அந்த நாளில் உடனிருந்த ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இதற்குப் பொருத்தமானவர். அவரைப் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள்.

படி 4: பெயர்கள் ஒத்துப்போகின்றனவா?

பிறப்புச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் குடும்பங்களில் வழக்கமாக வரும் முரண்கள் மூன்று. ஒன்று, திருமுழுக்கில் ஒரு புனிதரின் பெயர், பிறப்புப் பதிவில் வேறு பெயர். இரண்டு, ஒரு தாளில் இனிஷியல், இன்னொன்றில் தகப்பனார் பெயர் முழுதாக. மூன்று, தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் எழுத்து வேறுபாடு. அந்தோணி, ஆரோக்கியம், சவரிமுத்து போன்ற பெயர்களை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும்.

பள்ளிப் பதிவு பிறப்புச் சான்றிதழை ஒட்டித்தான் போகும். அதனால் விண்ணப்பத்தில் அந்தப் பெயரையே எழுதி, திருமுழுக்குப் பெயர் வேறு என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். 'இருவரும் ஒருவரே' என்று பங்குத்தந்தை ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் பெரும்பாலான பள்ளிகள் ஏற்கும். சான்றிதழில் நீங்களே பேனாவால் திருத்தாதீர்கள். ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அந்தத் தாள் செல்லாது. தத்தெடுத்த பிள்ளை என்றால், தத்தெடுத்த பெற்றோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதச் சட்டமே இடம் தருகிறது (சட்டம் 877). அப்படிப் பதிவாகியிருக்கிறதா என்று சான்றிதழ் வாங்கும்போதே கேளுங்கள்.

திருமுழுக்குப் பெறாத பிள்ளை, வேறு சபைப் பிள்ளை, வேறு மதப் பிள்ளை

வேறு கிறிஸ்தவ சபையில் தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் கொடுத்த திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது; மறுபடி கொடுப்பதில்லை. அந்தச் சபையின் சான்றிதழையே இணையுங்கள்.

வேறு மதத்தினரும் விண்ணப்பிக்கலாமா என்பது பள்ளியின் சேர்க்கை விதியைப் பொறுத்தது. பல பள்ளிகள் சேர்க்கின்றன. மனச்சான்றுக்கு எதிராக யாரையும் கத்தோலிக்க நம்பிக்கைக்குள் வற்புறுத்தக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் (சட்டம் 748). அதே நேரம், செபமும் மறைக்கல்வியும் திருப்பலியும் (பூசை) அந்தப் பள்ளியின் அன்றாட வாழ்க்கை. எவற்றில் பிள்ளை கட்டாயம் இருக்க வேண்டும், எவற்றிலிருந்து விலகியிருக்கலாம் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இடம் கிடைப்பதற்காக அவசரமாகத் திருமுழுக்குக் கொடுக்க நினைக்காதீர்கள். பிள்ளை கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் என்கிறது சட்டம் 868. அது இல்லாவிட்டால் பங்குத்தந்தை தள்ளிவைக்க வேண்டியிருக்கும். பிள்ளைக்கு 7 வயது நிரம்பிவிட்டால் பாதையே வேறு. பெரியவர்களுக்குரிய ஒழுங்குப்படி, தயாரிப்போடுதான் திருமுழுக்கு; இரண்டு வாரத்தில் முடிகிற காரியம் அல்ல. அந்தப் பிள்ளைக்குத் தான் எதற்குள் நுழைகிறோம் என்று புரிய வேண்டும். அந்த உரிமையைப் பள்ளிச் சேர்க்கைக்காகப் பறிக்காதீர்கள்.

படி 5: விண்ணப்பமும் நேர்காணலும்

ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்: பள்ளிக்கு ஒன்று, பங்கு அலுவலகத்துக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்குங்கள். விண்ணப்பம் கொடுத்ததற்குத் தேதியிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள்; முன்னுரிமை சமமாக இருக்கும் இடத்தில் தேதியைப் பார்க்கும் பள்ளிகள் உண்டு.

பிள்ளைக்கு ஒவ்வாமை, பேச்சுத் தாமதம், கற்றல் சிரமம் ஏதும் இருந்தால் மறைக்கவே மறைக்காதீர்கள். இடம் போய்விடுமோ என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. முதல் மாதத்திலேயே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், அதற்குள் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவி தாமதமாகியிருக்கும். மருத்துவ அறிக்கை இருந்தால் அதன் நகலையும் சேருங்கள். பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால், பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்பதை நீதிமன்ற ஆணையின் நகலோடு தெரிவியுங்கள்.

நேர்காணல் பெரும்பாலும் பெற்றோருக்குத்தான். 'ஏன் இந்தப் பள்ளி?' என்ற கேள்வி நிச்சயம் வரும். ஒழுக்கம், நல்ல மதிப்பெண் என்று எல்லோரும் சொல்வதைச் சொன்னால் உங்களை நினைவில் வைக்க ஒன்றும் இருக்காது. வீட்டில் செபம் உண்டா, ஞாயிறு பூசைக்குப் போகிறீர்களா என்றால் உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடவும், 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' சொல்லவும் தெரிந்திருந்தால் நல்லது. தலைமையாசிரியர் முன் ஒப்பிக்க வைத்துப் பயமுறுத்த வேண்டாம்.

நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. கட்டணம் என்று சொல்லும் தொகையில் சீருடை, புத்தகம், போக்குவரத்து அடங்குமா? தவணை உண்டா? சேர்க்கையை ரத்து செய்தால் எது திரும்பக் கிடைக்கும்? பணக் கஷ்டம் இருந்தால் பங்குத்தந்தையிடம் நேரில், விண்ணப்பம் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள். சலுகைக்கு ஒதுக்கிய தொகை பட்டியல் வெளியாவதற்குள் தீர்ந்துபோகலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லோருக்கும் எட்டும்படி பள்ளி நடத்தவே பங்குகள் முயல்கின்றன.

படி 6: காத்திருப்புப் பட்டியல்

ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கையர், அந்தப் பங்கின் கத்தோலிக்கர், பிற பங்குக் கத்தோலிக்கர், பிற கிறிஸ்தவர், மற்றவர்கள் என்று வரிசை வைப்பது பரவலான வழக்கம். ஆனால் பள்ளிக்குப் பள்ளி இது மாறும். உங்கள் பள்ளியின் வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மாதம் ஒருமுறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஃபோன் எண் மாறினால் அன்றே தெரிவியுங்கள். அழைத்தும் கிடைக்காததால் அடுத்த பெயருக்கு இடம் போவது நடக்கிறது.

எழுத்தில் உறுதி வரும்வரை பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்காதீர்கள்.

சேர்ந்த பிறகு

புதுநன்மைத் தயாரிப்பு பள்ளியில் நடக்கிறதா, பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலா என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள். பள்ளியில் படித்தாலே போதும் என்று இருந்துவிட்டு, தன் வகுப்புத் தோழர்கள் வெள்ளை உடையில் நிற்கும்போது பிள்ளை மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டிய நிலை வரக் கூடாது. வேறு பங்கிலிருந்து வரும் பிள்ளை என்றால், புதுநன்மை எந்தக் கோவிலில் என்பதை இரண்டு பங்குத்தந்தையரிடமும் சொல்லிவிடுங்கள்.