மனவடுவுக்கு உதவி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தத் தொடங்கியதும் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வீட்டுக்குப் போய்விடுகிற ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறார்கள். 2009இல் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் அவர்களுடைய உடம்பு அந்தச் சத்தத்தை ஷெல் என்றுதான் எடுக்கிறது. பழைய பயங்கரம் இப்படி ஆறாமல் மனதில் நிற்பதுதான் மனவடு. 'அதெல்லாம் முடிஞ்சு போச்சு, மறந்திடுங்கோ' என்று வீட்டார் சொல்வது முதல் தவறு. மறக்க முடிந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பார்கள்.

இதற்கு நேர்மாறாக, 'மனதிலுள்ளதைக் கொட்டினால் பாரம் குறையும்' என்று வற்புறுத்தி நடந்ததை முழுதாகச் சொல்லவைப்பதை நான் இன்னும் பெரிய தவறாக நினைக்கிறேன். அனர்த்தம் நடந்த கையோடு ஆட்களை இருத்திக் கதைக்கவைக்கும் அமர்வுகளை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. நல்ல பயிற்சி உள்ள உளவளத்துணையாளர் முதலில் நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் துணை என்றுதான் கேட்பார். நெஞ்சு படபடக்கும்போது காலை நிலத்தில் ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கண்ணில் படும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லப் பழக்குவார். அந்தப் பிடிமானம் வந்தபிறகுதான் நினைவுகளைத் தொடுவது. எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் சொல்பவரின் விருப்பம்.

இது தெரியாமல், 'சும்மா கதைச்சுக்கொண்டிருக்கினம்' என்று இரண்டு தரத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். நினைவுகளைத் தொட்ட கிழமையில் கெட்ட கனவு கூடவும் செய்யலாம். அதை அடுத்த முறை போய்ச் சொல்லுங்கள், போகாமல் விடாதீர்கள். அம்மாவைக் கூட்டிப்போகும் பிள்ளை அவருக்காகத் தானே பதில் சொல்வதும் வேண்டாம். வெளியே இருந்தாலே போதும்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் 'அந்தியேட்டியைச் செய்து மனதை ஆற்றுங்கோ' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அந்த நிலையில் இறந்தவருக்குச் செய்யும் அந்தச் சடங்கைச் செய்வது, தன் பிள்ளையைத் தானே சாகக் கொடுத்ததுபோல அவருக்குப் படலாம். செய்வதா இல்லையா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது குளிசை. பக்கத்து வீட்டாரின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். வைத்தியர் தந்ததைக் கொஞ்சம் சுகம் கண்டதும் தானாக நிறுத்தவும் கூடாது. நேர்த்தி வைப்பதும் நூல் கட்டுவதும் தவறில்லை, அதற்காகக் கிளினிக்கை விடுவதுதான் பிழை.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. சாந்திகம் என்ற நிறுவனத்தில் உளவளத்துணை கிடைக்கிறது. 'விசர் எண்டு சொல்லுவினம்' என்ற பயத்தில் அங்கே போகாமல் இருக்காதீர்கள். ஒருவர் சாவைப் பற்றிக் கதைத்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.