லிசனிங்கில் நான் கோட்டை விட்ட இடம்

வெளிநாட்டுக் காலேஜில் சேர ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படித்தபோது, ஆடியோவைக் கேட்டு விடை எழுதும் லிசனிங்கில் 40 கேள்விக்கு 22-ஐத் தாண்டவே மாட்டேன். ஆடியோ ஒரே முறைதான் ஓடும், ஒரு விடை தவறினால் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த இரண்டையும் விட்டுவிடுவேன். அப்புறம், போனது போகட்டும் என்று ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவப் பழகினேன். பயிற்சி முடிந்ததும் பேச்சின் எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது: 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் என் காதில் ஒன்றாகவே விழுந்திருக்கின்றன, பன்மையின் கடைசி 'எஸ்' விழவே இல்லை (அது விட்டுப்போனாலும் மார்க் போச்சு). ரீடிங்கில் எனக்கு நேரம்தான் பிரச்சினை, மூன்று பகுதிக்கும் சேர்த்து 60 நிமிடம், விடையைத் தாளில் ஏற்றவும் அதற்குள்தான், அதனால் முதல் பகுதியை 15 நிமிடத்தில் முடித்தே ஆக வேண்டும் என்று கடிகாரம் வைத்துப் படித்தேன். ஆறு வாரத்தில் லிசனிங் 31-க்கு வந்தது.