மருத்துவமனையே நோயாளியாகும் நாள்: நீண்ட தொடருக்கு ஆண்டு நிறைவுச் சிறப்பு எபிசோடு எடுப்பது எப்படி

பல வருடம் ஓடிய மருத்துவமனைத் தொடருக்குச் சிறப்பு எபிசோடு எழுத உட்காருபவர்கள் முதலில் தேடுவது ஒரு பெரிய விபத்தை. எவ்வளவு பெரிய விபத்து என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எங்கே நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாராவாரம் விபத்து வெளியே நடந்து, அடிபட்டவர்கள் வாசல் வழியே உள்ளே வருகிறார்கள். சிறப்பு எபிசோடிலும் அதையே ஆள் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் காட்டினால், வழக்கமான எபிசோடு கொஞ்சம் நீண்டது போலத்தான் இருக்கும்.

பிபிசியின் 'கேஷுவல்ட்டி' இதற்கு நல்ல பாடம். 1986 செப்டம்பர் 6-ல் தொடங்கிய தொடர். அதன் 30-ஆம் ஆண்டுச் சிறப்பு எபிசோடு 2016 ஆகஸ்ட் 27-ல் திரைப்பட நீளத்தில் வந்தது. முதல் எபிசோடிலிருந்தே தொடரில் இருந்த செவிலியர் சார்லி ஃபேர்ஹெட் அங்கே வேலைக்குச் சேர்ந்து 30 வருடம் ஆனதைக் கொண்டாடும் நாள் அது. அன்றைக்கு ஒரு ஹெலிகாப்டர் அவசரப் பிரிவின் மேலேயே வந்து விழுகிறது. அதோடு காப்பாற்றுகிறவர்களின் கையிலிருந்த வசதிகள் எல்லாம் போய்விடுகின்றன. எந்த அலமாரியில் எது இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள், அந்த அலமாரியே இல்லாமல் வேலை பார்க்க வேண்டும். இத்தனை வருட அனுபவம் என்ன செய்யும் என்பதை வசனமே இல்லாமல் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

பழைய ஆட்களின் பேரேடு

கதைக்கு முன் ஒரு பேரேடு தயாராக வேண்டும். பழைய கதாபாத்திரம் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஆண்டு வந்தார், எந்த ஆண்டு போனார், ஏன் போனார், யாரோடு பேச்சில்லை, உடம்பில் என்ன தழும்பு, யார் இறந்தது இவருக்குத் தெரியும், யார் இறந்தது தெரியாது. கடைசி இரண்டும் மிக முக்கியம். பத்து வருடம் கழித்துத் திரும்புகிறவர், இடையில் இறந்துபோன ஒருவரை ஒரு வார்த்தை விசாரிக்காமல் நடந்து போனால், பழைய ரசிகர் அந்த நொடியே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

நடிகர்களின் கால்ஷீட் கையில் வந்த பிறகே காட்சி எழுதுங்கள். இரண்டு நாள் மட்டும் தரும் நடிகருக்கு ஒரே இடத்தில், ஒரே உடையில் முடிகிற மூன்று காட்சிகள் போதும். அறவே வர முடியாதவர்களுக்கும் வழி உண்டு. அமெரிக்க மருத்துவமனைத் தொடரான 'கிரேஸ் அனாடமி' 2017 நவம்பரில் தன் 300-ஆவது எபிசோடில் ஒரு ரோலர் கோஸ்டர் விபத்தை வைத்தது. அடிபட்டு வந்த நோயாளிகள், தொடரை விட்டுப்போன பழைய கதாபாத்திரங்களான ஜார்ஜ், இஸ்ஸி, கிறிஸ்டினா ஆகியோரின் சாயலில் இருந்தார்கள். இதற்குப் பழைய காட்சியை ஒட்ட வேண்டியதில்லை. பார்க்கும் டாக்டர்களின் முகமே நினைவைக் கொண்டுவந்தது.

பின்னோக்குக் காட்சி வைத்தே தீருவேன் என்றால் காலத்தைச் சரியாகப் பிடியுங்கள். 1986-ல் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்க ஜெல் தடவிய கைப்பிடித் தகடுகள். இன்று நெஞ்சில் ஒட்டும் பேடுகள். அன்று சுவரில் பாதரச ரத்த அழுத்த மானி, ஒளிப்பெட்டியில் எக்ஸ்ரே ஃபிலிம். நெஞ்சை 30 முறை அழுத்தி 2 மூச்சு கொடுக்கும் கணக்கு 2005-க்குப் பிறகு வந்தது. எண்பதுகளில் தனி ஆளாகச் செய்பவர் 15-க்கு 2, இரண்டு பேர் என்றால் 5-க்கு 1. ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறை போடும் பழக்கம் எச்.ஐ.வி. பரவலை ஒட்டி அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. அதனால் அந்தக் காலக் காட்சியில் வெறும் கையோடு நிற்கும் செவிலியர் தவறில்லை.

உயிர்மீட்புக் காட்சியின் கடிகாரம்

சிறப்பு எபிசோடின் நடுவே எப்படியும் ஓர் இதயம் நிற்கும். இந்த இடத்தில் சோம்பல் கூடாது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் மூன்றை ஆராய்ந்து 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வெளியானது. திரையில் நெஞ்சழுத்தம் பெற்றவர்களில் நான்கில் மூன்று பேர் அப்போதைக்குப் பிழைத்தார்கள். நிஜத்தில் பிழைப்பவர்கள் அதைவிட மிகக் குறைவு. நெஞ்சழுத்தத்தை வேறெங்கும் பார்த்திராதவர்களுக்கு உங்கள் காட்சிதான் பாடம். எனவே மருத்துவ ஆலோசகரைப் படப்பிடிப்பு நாளில் கூப்பிடுவது தாமதம்; திரைக்கதையின் இரண்டாவது வரைவிலேயே உட்கார வையுங்கள்.

பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் வசனம், வலப்பக்கம் கை வேலை என்று எழுதுங்கள். ஓரத்தில் நிமிடம் ஓட வேண்டும். அடிப்படைத் தாளம் 2 நிமிடச் சுற்று. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். 2 நிமிடம் முடிந்ததும் மானிட்டரைப் பார்க்க ஒரு சின்ன இடைவெளி. அழுத்துகிறவர் மாறுவதும் அப்போதே. அதிர்ச்சி கொடுத்தால், பலன் என்ன என்று காத்து நிற்காமல் உடனே மறுபடி அழுத்தத் தொடங்க வேண்டும். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு மானிட்டரைப் பார்த்து மூச்சைப் பிடிக்கும் அந்தப் பழகிப்போன ஷாட் உண்மையில் நோயாளியைக் கொல்லும் ஷாட்.

திரும்பத் திரும்ப வரும் பெரிய தவறு, மானிட்டரில் நேர்க்கோடாகிவிட்ட இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது. அதிர்ச்சி வேலை செய்வது இரண்டுக்குத்தான்: இதயத்தின் கீழறை நடுக்கம், நாடி இல்லாத கீழறை வேகத்துடிப்பு. கோடு படுத்துவிட்டால் நெஞ்சழுத்தமும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.கி. அட்ரினலினும், காரணத்தைத் தேடுவதும்தான் வழி. அதிர்ச்சிக்கு உரிய துடிப்பு என்றால் பிரிட்டன் முறைப்படி மூன்றாவது அதிர்ச்சிக்குப் பிறகு அட்ரினலின் 1 மி.கி., துடிப்பைச் சீராக்கும் மருந்தான அமியோடரோன் 300 மி.கி. அதிர்ச்சி வாங்கிய உடம்பு கட்டிலிலிருந்து ஓர் அடி எம்பாது. தோளும் கையும் ஒரு முறை வெட்டி அடங்கும், அவ்வளவுதான்.

விபத்தில் அடிபட்டு இதயம் நின்றவருக்குக் கணக்கே வேறு. அங்கே ரத்தப்போக்கு, மூச்சடைப்பு, நெஞ்சுக்கூட்டில் அழுத்தத்தோடு சேர்ந்த காற்று, இதய உறைக்குள் தேங்கிய ரத்தம் ஆகிய நான்கையும் சரிசெய்வது முந்தி, நெஞ்சழுத்தம் பிந்தி. ஹெலிகாப்டர் விழுந்த கதைக்கு நான் எடுப்பது காற்று சேர்ந்த நெஞ்சைத்தான். விலா எலும்புகளுக்கு நடுவே கீறி விரலை விட்டதும் காற்று வெளியேறும் சத்தம், உடனே, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை எளிதாக அமுங்குவது. பார்ப்பவருக்கு விளக்கமே தேவையில்லை.

திரையில் எப்படிச் செய்வது

உயிருள்ள நடிகரின் நெஞ்சில் நிஜமாக அழுத்தவே கூடாது. விலா முறியும், நல்ல இதயத்தின் துடிப்பும் தடம் மாறலாம். டிராலியின் மெத்தையை உடல் வடிவத்தில் வெட்டி, அடியில் பலகை கொடுத்து, நடிகரைத் தாழ்வாகப் படுக்க வையுங்கள். அவருக்கு மேலே, தனிச் சட்டத்தில் நிற்கும் சிலிகோன் நெஞ்சு. அழுத்தத்தின் எடை முழுவதையும் சட்டம் தாங்க வேண்டும். தலையும் கழுத்தும் நடிகருடையது, நெஞ்சு பொய். இரண்டும் சேரும் விளிம்பை மறைக்க மேக்கப் தேவையில்லை. அடிபட்ட நோயாளிக்குப் போடும் கழுத்துப் பட்டையே மறைத்துவிடும். இதற்குச் செலவு இல்லையென்றால் அழுத்துகிறவரின் முதுகை கேமராவுக்குக் கொடுங்கள். அவர் நோயாளிக்கு அப்பால் இருக்கும் மெத்தையை அழுத்தட்டும். முழங்கை மடங்கினால் பொய் தெரிந்துவிடும். கை நேராக, தோள் கைக்கு மேலே.

நோயாளியின் வாய்வழியே வைக்கும் செயற்கை மூச்சுக் குழாயை வெட்டிப் பல்லுக்கு உள்ளே 2 செ.மீ. மட்டும் இருக்கும்படி டேப்பால் கட்டுங்கள். நடிகர் மூக்கால் மூச்சு விடுவார். ஆம்பு பையின் காற்று அவர் வாய்க்குள் போகாமல் இருக்க, பைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள வடிகட்டியின் அடியில் துளை போட்டுவிடுங்கள். பை அமுங்கும்போது நடிகர் மூச்சை இழுக்க வேண்டும், ஆறு நொடிக்கு ஒன்று. பையைப் பிடித்தவர் தன் விரலால் நடிகரின் தோளில் லேசாகத் தட்டிச் சைகை கொடுத்தால் இரண்டும் ஒட்டி வரும். மின்சாரம் போன மருத்துவமனையில் வென்டிலேட்டரின் பேட்டரியும் தீர்ந்த பிறகு ஒருவர் இந்தப் பையை அமுக்கிக்கொண்டே நிற்க வேண்டும். எதற்கும் நகர முடியாது. சொந்த மகள் பக்கத்து அறையில் கூப்பிட்டாலும் முடியாது. எழுத்தாளருக்கு இது பொன்னான இடம். இந்த வேலையைத் துணை நடிகரிடம் கொடுத்து வீணாக்காதீர்கள்.

மானிட்டர் படம் முன்பே பதிவு செய்து ஓட்டப்படுவது. எந்த வசனத்தில் துடிப்பு மாற வேண்டும் என்பதை ஓட்டுபவர் தன் பிரதியில் குறித்திருக்க வேண்டும். மூன்று நுணுக்கங்கள். நெஞ்சை அழுத்தும்போது திரையில் அந்த அழுத்தத்தின் அலைதான் தெரியும். உண்மைத் துடிப்பு கையை எடுத்தால்தான் தெரியும். இதயம் நின்ற கோடு லேசாக அலையும். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தால் வயர் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் எண். ரத்த ஓட்டம் திரும்பும்போது நாடியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே இந்த எண் ஏறும். மி.மீ. பாதரசத்தில் அளக்கும் அமெரிக்கக் கதையில் 15-லிருந்து 40, கிலோபாஸ்கலில் அளக்கும் பிரிட்டனில் 2-லிருந்து 5. அனுபவசாலி ஒருவர் மட்டும் அதைக் கவனித்துத் தலை நிமிர்வது, யாரோ 'நாடி வந்துடுச்சு' என்று கத்துவதைவிட எவ்வளவோ மேல். பீப் ஒலியைச் செட்டில் ஓடவிடாதீர்கள், வசனம் கெடும். பிறகு சேர்க்கலாம்.

ரத்தத்துக்கு 200 மி.லி. குளுக்கோஸ் பாகு, 50 மி.லி. தண்ணீர், 2 தேக்கரண்டி சிவப்பு உணவு நிறம், 1 தேக்கரண்டி கோகோ தூள், 2 சொட்டு நீலம். கோகோவை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் பாகில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். நேரடியாகப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். செட் விளக்கில், கேமரா வழியே பாருங்கள். காய்ந்த ரத்தத்துக்குக் கோகோவை இரட்டிப்பாக்குங்கள். விளக்குச் சூட்டில் பாகு இறுகிக் கையுறை பிசுபிசுக்கும். பக்கத்தில் வெந்நீர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளுங்கள். எறும்பு வரும், இரவே துடைத்துவிடுங்கள்.

இடிப்பதற்கு முந்தைய நாள்

செட்டை இடித்த பிறகு திரும்ப முடியாது. ஆகவே இடியாத அறையில் நடக்கும் எல்லாக் காட்சிகளும், பின்னோக்குக் காட்சிகள் உட்பட, முதலில் முடிய வேண்டும். அதன் பிறகும் ஒரு நாள் காலியாக விடுங்கள். எடிட்டர் முதல்கட்டத் தொகுப்பைப் பார்த்து, விடுபட்ட ஷாட்டைச் சொல்ல அந்த நாள் வேண்டும். தயாரிப்புத் தரப்பு முதலில் வெட்டப் பார்ப்பது இந்த நாளைத்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

உடைய வேண்டிய சுவர்களை மட்டும் கழற்றி மாட்டும் பலகைகளாகக் கட்டுங்கள். உடைத்துக் காட்டுவதற்கென்றே சர்க்கரையில் செய்யும் கண்ணாடி ஈரப்பதத்தில் இளகி மங்கும். பிசினில் செய்தது விலை அதிகமானாலும் நிற்கும். ரத்தம், தூசி, கிழிந்த உடை மூன்றுக்கும் ஒவ்வொரு நடிகருக்கும் நான்கு நிலை வைத்து, முன், பின், இரு பக்கம் எனப் புகைப்படம் எடுத்து எண் போடுங்கள். அன்றன்றைய படப்பிடிப்புத் தாளில் காட்சி எண்ணுக்குப் பக்கத்திலேயே 'நிலை 3' என்று இருந்தால் காலை ஆறு மணி மேக்கப் அறையில் சண்டை வராது.

ஒரே டேக்கில் எடுக்கும் ஆசை சிறப்பு எபிசோடுக்கு எப்போதும் வரும். 2017 ஜூலையில் 'கேஷுவல்ட்டி' ஒரு முழு எபிசோடை ஒரே கேமராவில் ஒரே டேக்காக எடுத்துக் காட்டியது. அமெரிக்க மருத்துவமனைத் தொடரான 'ஈஆர்' 1997 செப்டம்பர் 25-ல் ஓர் எபிசோடை நேரலையாகவே நடத்தியது. கிழக்குக் கரைக்கு ஒருமுறை, மேற்குக் கரைக்கு மறுபடி ஒருமுறை. மருத்துவமனையில் ஆவணப்படக் குழு ஒன்று படமெடுக்கிறது என்று கதையிலேயே வைத்ததால் கேமரா ஆட்டம் கதையின் பகுதியாகிவிட்டது. முயல்கிறவர்கள் அந்தத் தந்திரத்தைக் கவனியுங்கள். கூடவே இடிபாட்டையும் ஒரே டேக்கையும் ஒன்றாக எடுக்காதீர்கள். இடிந்ததை அடுத்த டேக்குக்குத் திரும்ப அடுக்க ஒரு நாள் போய்விடும்.

கடைசியாக, அடுத்த வார எபிசோடை எழுதுபவருக்குக் கொடுக்க ஒரு தாள். யாருக்கு எந்தக் கையில் கட்டு, எத்தனை வாரம், எந்த அறை பூட்டியிருக்கும், எந்தச் சுவர் இன்னும் பிளைவுட், யார் விடுப்பில். படப்பிடிப்பு முடிந்த அன்றே, நிலை 4 புகைப்படங்களோடு சேர்த்து அந்தத் தாளை அனுப்பிவிடுங்கள்.