ரங்கூன் மல்லி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டின் பழைய வீட்டுச் சுவரை ஒட்டி ரங்கூன் மல்லியை நடக்கூடாது. இந்தச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றுள் முதன்மையானது இதுவே. நட்ட புதிதில் சிறு புதராக அடங்கி நிற்கும் இது, வேர் நன்றாகப் பிடித்ததும் நீண்ட தண்டுகளை வீசத் தொடங்கி, ஏறுவதற்குத் தாங்கல் கிடைத்தால் 20 அடியையும் தாண்டிப் போய்விடும். இலை உதிரும்போது காம்பின் அடிப்பகுதி தண்டிலேயே தங்கி, நாளடைவில் முற்றி முள்ளாகிவிடுகிறது. அந்த முள்தான் கொடிக்குப் பிடிமானம். அது நாட்டு ஓட்டுக் கூரையின் இடுக்கில் நுழைந்து அங்கேயே பருத்தால் ஓடு நகர்ந்து, ஐப்பசி மழையில் வீட்டுக்குள் ஒழுகும். அடர்ந்த இலைகளுக்குப் பின்னால் ஈரம் காயாமல் நின்றால் சுண்ணாம்புப் பூச்சும் உப்பி உதிரும். அந்தப் பூச்சு வேலையைப் பழைய முறைப்படி செய்யத் தெரிந்த கொத்தனார்கள் அரிதாகிவிட்ட நிலையில், ஒரு கொடிக்காக அதை இழப்பது மிகவும் வருத்தத்துக்குரியது.

எனவே சுவரிலிருந்து குறைந்தது 4 அடி தள்ளி, தனிப் பந்தலிட்டு வளர்க்க வேண்டும். கொடி ஆண்டுதோறும் கனக்கும் என்பதால் கல்தூண் அல்லது இரும்புக் குழாய்தான் ஏற்றது. சவுக்குக் கம்பை ஊன்றினால், கறையான் அரித்தபின் கொடியோடு சேர்ந்து பந்தலும் சாயும். முள் இருப்பதால், குழந்தைகள் ஓடியாடும் நடைபாதையின் ஓரமும் வேண்டாம்.

அடுத்த தவறு நிழலில் நடுவது. இந்தச் செடிக்குச் சீன ஹனிசக்கிள் என்ற பெயரும் வழங்குவதால், குளிர்நாட்டு ஹனிசக்கிளுக்கு எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு, அரைநிழலே போதும் என்று கருதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் உறவே கிடையாது. ரங்கூன் மல்லி மருது, கடுக்காய், நாட்டு வாதுமை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது; பர்மா உள்ளிட்ட வெப்பமண்டல ஆசியாவைத் தாயகமாகக் கொண்டது. நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் படாவிட்டால் இலை தழைக்குமே தவிரப் பூ குறைந்துவிடும். நான்கு புறமும் தாழ்வாரம் சூழ்ந்த வளவுக்குள், உச்சிவெயில் மட்டும் வந்து போகும் முற்றத்தில் தொட்டி வைத்து வளர்ப்பவர்கள் ஏமாற்றம் அடைவது இதனால்தான். வீட்டு முகப்புக்கு வெளியே உள்ள திறந்தவெளியே இதற்குரிய இடம்.

செம்புறை மண்ணில் சிறு குழி தோண்டிச் செடியை இறக்கிவிட்டு விட்டுவிட்டால் வேர் கீழே இறங்கத் திணறும். 2 அடி அகலமும் ஆழமுமாகக் குழி எடுத்து, தோண்டிய மண்ணோடு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்ப வேண்டும். இடித்த கட்டடத்தின் சுண்ணாம்புக் காரையைக் கொட்டிய இடமானால் அதை முழுவதும் அள்ளிவிட வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடியால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள இயலாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்த்து யூரியா வைப்பது தவற்றின் மேல் தவறு. தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையாகவே ஓடும்.

கவாத்து செய்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்தக் கொடி அந்தப் பருவத்தில் துளிர்த்த இளந்தண்டின் நுனியில்தான் கொத்தாகப் பூக்கும். புதராக அடக்கி வைக்க விரும்பி வாரந்தோறும் நுனியைக் கத்தரிப்பவர்கள், தாங்கள் அறியாமலே மொட்டுகளை வெட்டி எறிகிறார்கள். வெட்டாமலே விட்டுவிடுவதும் சரியன்று. அப்போது பூவெல்லாம் எட்டாத உயரத்துக்குப் போய்விட, கீழே வெறும் கட்டைகள் மட்டும் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும் தை மாதத்தில், காய்ந்த தண்டுகளை நீக்கி மற்றவற்றை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதே என் பரிந்துரை. அதன்பின் வரும் துளிர்கள் கோடையில் பூக்கத் தொடங்கும். அவற்றில் கத்தரி படக்கூடாது.

பூவின் நிறம் மாறுவதை நோயாகக் கருதிச் சிவந்த பூக்களைக் கிள்ளுவோரும் இருக்கிறார்கள். மாலையில் வெள்ளையாக விரியும் பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகி, மூன்றாம் நாள் செஞ்சிவப்பாவது அதன் இயல்பு. வெள்ளையாக மணக்கும் முதல் இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் தேடி வருகின்றன. நிறம் ஏறியபின் பகலில் தேனீக்களும் பறவைகளும் வருகின்றன. ஒரே கொத்தில் மூன்று நிறமும் சேர்ந்திருப்பதே இந்தப் பூவின் அழகு. பூக்கும் பருவத்தில் பூச்சிக்கொல்லி தெளித்தால் இந்த விருந்தாளிகளையும் கொன்றுவிடுவோம். மாவுப்பூச்சி கண்ட தண்டை மட்டும் வெட்டி அகற்றினாலே பெரும்பாலும் போதும்.

வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்புவதைக் கவனிக்காமல் விட்டால் தோட்டம் முழுவதும் பரவிவிடும். தேவையானவற்றை வேரோடு பிரித்து மழைக்காலத் தொடக்கத்தில் நட்டுக்கொண்டு, மற்றவற்றைப் பிஞ்சிலேயே பிடுங்கிவிட வேண்டும்.

ஐந்து விளிம்புகள் கொண்ட இதன் காய்க்குள் உள்ள விதை, சீன மருத்துவத்தில் வயிற்றுப் பூச்சியை வெளியேற்றப் பயன்படுகிறது. அதைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே குழந்தைகளுக்குக் கொடுக்கத் துணியக்கூடாது. அளவு மிஞ்சினால் விடாத விக்கலும் வாந்தியும் உண்டாகும். காய் பிடித்தால் உலரும் முன்பே பறித்து அப்புறப்படுத்திவிடுங்கள்.