சித்திரைத் திருவிழாவில் வண்டியையும் சைக்கிளையும் எங்கே விடுவது, எப்படித் திரும்ப எடுப்பது

முதலில் ஒரு விதியை மனதில் வையுங்கள். வண்டி நிற்கும் இடத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே தேரும் வரக்கூடாது, வைகையும் வரக்கூடாது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குள் வந்து, மத்தியானம் வரை வெயிலில் வண்டியோடு மாட்டிக்கொள்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். முன்கூட்டியே வரும்போது வழி திறந்தே இருக்கும். திரும்பும்போதுதான் கட்டை போட்டிருப்பார்கள்.

மாசி வீதி எது, வெளி வீதி எது என்பது தெரிந்தவர்களுக்காகத்தான் இது. தெரியாதவர்கள் ஒரு தாளில் மீனாட்சி அம்மன் கோயிலை நடுவில் வைத்து வரைந்துகொள்ளுங்கள்: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி. உள்ளிருந்து வெளியே இதே வரிசை.

படி 1: எந்த நாள், எந்தக் கரை

மீனாட்சி கோயில் தேரோட்டமும் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குவதும் வேறு வேறு நாள், வேறு வேறு இடம். தேர் ஓடுவது ஆற்றுக்குத் தெற்கே, மாசி வீதிகளில். அழகர் வருவது வடக்கே, மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் வழியாக. முதல் நாள் வசதியாக இருந்த இடம் அடுத்த நிகழ்ச்சிக்குப் பொறியாகிவிடும்.

இரண்டுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-ல் ஏப்ரல் 22 தேர், மறுநாள் 23 அழகர். 2025-ல் மே 9 தேர், மே 12 அழகர். திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேர் என்பது மாறாது. அழகர் இறங்குவது சித்ரா பௌர்ணமியைப் பார்த்து வரும். “தேருக்கு மறுநாள் அழகர்தானே” என்று நினைப்பிலிருந்து கணக்குப் போடாமல், அந்த ஆண்டு அழைப்பிதழைப் பார்த்துவிடுங்கள்.

மாவட்ட ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை வழக்கமாக அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு. அது செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வரும் பொது விடுமுறை அல்ல என்று அந்த ஆணையிலேயே எழுதியிருக்கும். அதனால் வங்கிகள் திறந்திருக்கும். கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் வங்கியில் வேலை பார்ப்பவர்கள் அன்று வண்டியை நம்பக்கூடாது.

படி 2: காவல்துறை அறிவிப்பைப் படிக்கும் முறை

திருவிழாவுக்குச் சில நாள் முன்பு மாநகரக் காவல்துறை போக்குவரத்து மாற்றத்தை அறிவிக்கும். நாளிதழ்களின் மதுரைப் பதிப்பில் முழுசாக வரும். எந்தெந்தச் சாலை அடைப்பு, எந்த ஊர்ச் சாலையிலிருந்து வருபவர்கள் எப்படிச் சுற்ற வேண்டும், எங்கே நிறுத்தலாம் என்று அதில் இருக்கும். எல்லோரும் ‘எங்கே நிறுத்தலாம்’ பகுதியை மட்டும் படம்பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். நீங்கள் முதலில் தேட வேண்டியது, எத்தனை மணியிலிருந்து அடைப்பு என்ற வரியை.

தேருக்கு அடைப்பு முந்தைய இரவே தொடங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகருக்கு இன்னும் முன்னதாகவே. ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று அழகர் கோயில் சாலையில் கூட்டம் இறங்கியதும், தல்லாகுளம் பக்கம் நிறுத்திய வண்டி மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கி, கூட்டம் கலையும் வரை அசையாது. எதிர்சேவை பார்த்துவிட்டு இரவே வீடு திரும்ப நினைப்பவர்கள் அந்தச் சாலையில் வண்டியை விடவே கூடாது.

கடந்த ஆண்டு அறிவிப்பை வைத்துக்கொண்டு வராதீர்கள். வேலை நடக்கும் சாலை, பாலம், மைதானத்தில் பொருட்காட்சி என்று ஏதாவது ஒன்று நிறுத்தும் இடத்தை மாற்றிவிடும்.

படி 3: இடம்

தேர் கீழமாசி வீதியில் தேரடியிலிருந்து காலை 6 மணியை ஒட்டிப் புறப்படும். கீழமாசி, தெற்கு மாசி, மேலமாசி, வடக்கு மாசி என்று சுற்றி மறுபடி நிலைக்கு வரும். முன்னால் சுவாமி தேர், பின்னால் அம்மன் தேர். மூலைகளில் சறுக்குக்கட்டை போட்டுத்தான் திருப்ப வேண்டும் என்பதால் அங்கே நேரம் பிடிக்கும். வடம் பிடிப்பவர்கள் மூலையைத் தாண்டி முன்னே போயிருப்பார்கள், தேர் இன்னும் திரும்பியிருக்காது. அந்தச் சமயத்தில் கூட்டம் ஒதுங்குவது பக்கத்துச் சந்துகளின் வாயில்தான். மாசி வீதி மூலைகளுக்கு எதிரே இருக்கும் சந்து வாயில் நிறுத்திய வண்டி விழுவதும் இப்படித்தான், நாலு பேர் அதன்மேல் விழுவதும் இப்படித்தான். சந்துக்குள் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், வாயிலிருந்து இருபது அடியாவது உள்ளே தள்ளி விடுங்கள்.

வெளியூரிலிருந்தும் புறநகரிலிருந்தும் வருபவர்களுக்கு என் பரிந்துரை இது. மேலூர், நத்தம் சாலைப் பக்கமிருந்து வந்தால் மாட்டுத்தாவணியில் ஸ்டாண்டில் போட்டுவிட்டு நகரப் பேருந்தில் ஏறி, அது எதுவரை போகிறதோ அதுவரை போய் மீதியை நடக்கலாம். தேனிப் பக்கம் என்றால் ஆரப்பாளையம். சிவகங்கை, ராமநாதபுரம் சாலை என்றால் தெப்பக்குளம் பக்கம் விட்டுவிட்டுக் காமராசர் சாலை வழியே கீழவாசலுக்கு நடை. தெற்கிலிருந்து வருபவர்கள் தெற்கு வெளி வீதியைத் தாண்டி உள்ளே வர வேண்டாம். வடக்கு ஆவணி மூல வீதியில் பல்லடுக்கு நிறுத்தம் இருக்கிறதே என்பார்கள். மற்ற நாளுக்கு அது அருமையான இடம். தேர் அன்று அது மாசி வீதி வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. தேர் நிலைக்கு வரும் வரை உங்கள் கார் வெளியே வர வழியில்லை.

ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கவனியுங்கள். ரயில் நிலையம் மேல வெளி வீதியில். ஊரின் கிழக்கே இருந்து வருபவர்கள் மாசி வீதிகளைக் குறுக்கே கடக்கப் பார்க்காமல், தெற்கு வெளி வீதி வழியே வெளிச்சுற்றாக வாருங்கள்.

அழகர் அன்று வைகைமேல் இருக்கும் ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தை மறந்துவிடுங்கள். 1889-ல் கட்டிய பாலம், ஒரு முனையில் கோரிப்பாளையம், மறுமுனையில் யானைக்கல், சிம்மக்கல். மொத்தக் கூட்டமும் அதன்மேலும் கீழும்தான். 2022-ல் அங்கே ஏற்பட்ட நெரிசலில் இரண்டு உயிர் போனது. தெற்குக் கரையில் வீடு என்றால் வண்டியைத் தெற்குக் கரையிலேயே விட்டு நடந்து வாருங்கள். வடக்குக் கரை என்றால் வடக்கேயே. கடந்தே ஆக வேண்டும் என்றால் குருவிக்காரன் சாலைப் பாலமோ மேற்கே காமராசர் பாலமோ, அதுவும் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு. பெரியாஸ்பத்திரிக்கு (அரசு ராஜாஜி மருத்துவமனை) போகிறவர்கள் சீட்டையோ ஆஸ்பத்திரி அட்டையையோ கையில் எடுத்துக் காட்டுங்கள். நோயாளியை ஏற்றிய வண்டிக்கு வழி விடுவார்கள், ஆனால் அதை அவர்கள் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

படி 4: நிறுத்தும் விதம்

இருசக்கர வண்டிக்கு நடு ஸ்டாண்டு. சித்திரை வெயிலில் தார் இளகும், மைதானத்து மண்ணும் இளகல்தான். சைடு ஸ்டாண்டு மெல்ல உள்ளே இறங்கி வண்டி சாயும், சாய்ந்தால் வரிசையே சாயும். நடு ஸ்டாண்டு இல்லாத வண்டியென்றால் ஒரு தட்டையான ஓட்டுச்சில்லோ மரத்துண்டோ கொண்டுவந்து சைடு ஸ்டாண்டின் பாதத்துக்கு அடியில் வையுங்கள்.

சில்லறை பத்து, இருபதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் கூடுகிற இடத்தில் செல்போன் சிக்னல் திணறும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். அதே காரணத்தால் கூகுள் மேப்பில் குறித்து வைப்பதை நம்ப வேண்டாம். எதிரே இருக்கும் கடைப் பலகையின் பெயரையும் தெருவின் பெயரையும் டோக்கனின் பின்பக்கம் பேனாவில் எழுதிக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பதால், போனை வெளியே கொடுத்தவர்களுக்கும் அந்தத் துண்டுச்சீட்டு கைகொடுக்கும்.

படி 5: சைக்கிள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. சைக்கிளுக்குத் தடை இல்லை என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அறிவிப்பில் ‘வாகனங்களுக்கு அனுமதியில்லை’ என்று போட்டிருந்தால் அதில் சைக்கிளும் சேர்த்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவு தடுப்புக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போக விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுக் காலையிலும் விடுவார்கள் என்று வருகிறார்கள். வடம் பிடிக்கும் பகுதியில் உருட்டிக்கொண்டுகூடப் போகக்கூடாது. காரணம் பெடல். கூட்டம் நெருக்கும்போது பெடலின் ஓரம் பக்கத்தில் நிற்பவரின் கெண்டைக்காலைக் கிழிக்கும், ஹேண்டில் புடவைத் தலைப்பில் சிக்கும், சைக்கிள் விழுந்தால் பின்னால் வருபவர்கள் அதன்மேல் தடுக்கி விழுவார்கள். எழுந்திருக்க இடம் இருக்காது.

எங்கே பூட்டக்கூடாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மின்கம்பம், டிரான்ஸ்பார்மர் வேலி, தடுப்புக் குழாய், பந்தல் கால், நீர்மோர்ப் பந்தலின் சவுக்குக் கட்டை. இவை எல்லாம் தேர் வரும் நேரத்தில் யாரோ ஒருவர் அவசரமாகத் தொட வேண்டியவை. பூட்டை வெட்டி சைக்கிளை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வெளி வீதிக்கு வெளியே ஏதாவது சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போட்டு விடுவதே மேல். அது கிடைக்கவில்லையென்றால் தெரிந்தவர் வீட்டுத் தாழ்வாரம், கடைக்காரரிடம் கேட்டு அவர் கடை ஓரம்.

பூட்டு: பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள் பூட்டை வாங்காதீர்கள், வெட்டும் குறடு ஒன்று போதும். பின்சக்கரப் பூட்டு மட்டும் இருந்தாலும் பயனில்லை, தூக்கிக்கொண்டு போய்விடலாம். இரும்புக்கடையில் சங்கிலியை அடிக்கணக்கில் கொடுப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் கனத்தில் மூன்றடி வாங்கி, நல்ல திண்டுக்கல் பூட்டு ஒன்று சேருங்கள். பின்சக்கரம், பிரேம், அசையாத ஒரு கம்பி, மூன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். சீட்டை நெம்புகோலில் கழற்றும் மாதிரி சைக்கிள் என்றால் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் செய்வதில்லை. சைக்கிளுக்கு நம்பர் பிளேட் கிடையாது, ஆர்.சி. கிடையாது. அப்புறப்படுத்திய சைக்கிள்களைக் குவித்து வைத்த இடத்தில் ஒரே மாதிரிக் கறுப்புச் சைக்கிள் பத்து நிற்கும், எது உங்களுடையது என்று எப்படிக் காட்டுவீர்கள்? சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் பிரேம் நம்பர் அங்கேதான் பொறித்திருக்கும். எழுத்து மசமசவென்று இருந்தால் மேலே சாக்பீஸ் தேய்த்துத் துடையுங்கள், பள்ளத்தில் வெள்ளை நின்று எண் தெரியும். அதைப் படம்பிடித்து, வாங்கின ரசீதோடு சேர்த்து வையுங்கள். சைக்கிள் முழுசாகத் தெரியும் படம் ஒன்றும் வேண்டும்.

படி 6: வந்து பார்த்தால் வண்டி இல்லை

உடனே திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம். பக்கத்துத் தடுப்பில் நிற்கும் காவலரிடம், அந்தத் தெருவில் வண்டிகளை எடுத்தார்களா, எங்கே கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள். தெருவுக்குள்ளேயே நாலு வீடு தள்ளி நகர்த்தி வைத்திருப்பதும் உண்டு. தடைசெய்த இடத்தில் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, இழுத்துப்போன செலவும் உரிமையாளர் தலையில்தான். விதிமீறலுக்கு 177-ஆம் பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1500 வரை அபராதம். லைசென்ஸ், ஆர்.சி. இரண்டும் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். கூட்டத்தில் அது திறக்காமல் போகலாம் என்பதால் ஜெராக்ஸும் ஒன்று வைத்திருங்கள்.

எடுத்துப்போகவில்லை என்று உறுதியானால் அன்றே புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை இல்லாமல் காப்பீடு கிடைக்காது.

பிறகு சேர்த்தவை

மாசி வீதிக்கு உள்ளே குடியிருப்பவர்கள் பலர் கேட்டார்கள்: எங்கள் வண்டியை என்ன செய்வது? தேர் அன்று வேலைக்குப் போக வேண்டும் என்றால் முந்தைய இரவே வெளி வீதிக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். காலை நாலு மணிக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தால், நாலு மணிக்குச் சந்து வாயில் கட்டை கட்டியிருக்கும்.

பேட்டரி ஸ்கூட்டர், பேட்டரி சைக்கிள்: தேர் வரும் தெருவில் மின்சாரத்தை நிறுத்தி வைப்பார்கள். முந்தைய இரவே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். கழற்றும் பேட்டரி என்றால் வண்டியை விடும்போது கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள், வெயிலில் விட வேண்டாம்.

ஆப்பில் ஆட்டோ பதிவுசெய்து வரச்சொன்னால் ஓட்டுநர் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். வெளி வீதிக்கு வெளியே நடந்து வந்த பிறகு பதிவுசெய்யுங்கள். இடத்தையும் மேப் குறியை நம்பாமல் போனில் வாயால் சொல்லுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு மதியத்துக்குள் வழி திறந்துவிடும் என்று வண்டியூர், அண்ணா நகர்ப் பக்கம் வண்டியை விட்டவர்கள் சாயங்காலம் மாட்டிக்கொண்டார்கள். அழகர் ராமராயர் மண்டபம் போய், இரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குத்தான் போகிறார். கூட்டமும் அவர் பின்னாலேயே கிழக்கே நகரும். அந்தப் பக்கம் விட்ட வண்டியை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.